லீவ் ஃபார்ம் நிரப்ப டாக்டர் ஆபீஸ் பணம் கேட்கிறதா? அமெரிக்காவில் வேலை பார்ப்போருக்கான கேள்வி பதில்

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. மேனேஜரிடமும் சொல்லியாகிவிட்டது. எச்.ஆர். நான்கு பக்கப் படிவம் ஒன்றை மெயிலில் அனுப்பி, டாக்டரிடம் நிரப்பி வாங்கி வரச் சொல்கிறது. டாக்டர் ஆபீசுக்கு அதை அனுப்பினால், "ஃபார்ம் ஃபீ 35 டாலர், முன்கூட்டியே கட்ட வேண்டும், பத்து வேலை நாள் ஆகும்" என்று பதில் வருகிறது. மாதாமாதம் சம்பளத்தில் இன்சூரன்ஸுக்குப் பிடித்துக்கொண்டிருக்கும்போது இது என்ன தனிக் காசு என்று எரிச்சல் வரத்தான் செய்யும்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் இது பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. அமெரிக்க மத்தியச் சட்டத்தை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். மாநிலச் சட்டம் வேறாக இருக்கும் இடங்களில் மாநிலத்தின் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

எஃப்.எம்.எல்.ஏ. லீவ் என்றால் என்ன? எனக்கு உண்டா?

1993 பிப்ரவரியில் அதிபர் பில் கிளின்டன் கையெழுத்திட்ட குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தைத்தான் சுருக்கமாக எஃப்.எம்.எல்.ஏ. என்கிறார்கள். ஓர் ஆண்டில் 12 வாரம் வரை லீவ் எடுக்கலாம். சம்பளம் கிடையாது. ஆனால் திரும்பி வரும்போது அதே வேலையோ அதற்கு நிகரான வேலையோ காத்திருக்க வேண்டும், இடைப்பட்ட நாட்களில் கம்பெனியின் மருத்துவக் காப்பீடும் தொடர வேண்டும்.

தகுதிக்கு மூன்று கணக்கு: அந்தக் கம்பெனியில் 12 மாத வேலை, லீவுக்கு முந்தைய 12 மாதத்தில் 1,250 மணி நேர உழைப்பு, நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலிருந்து 75 மைலுக்குள் கம்பெனிக்கு 50 ஊழியர். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு வீடு கணக்கில் வராது. எந்த ஆபீசுக்கு ரிப்போர்ட் செய்கிறீர்களோ அதுதான் உங்கள் வேலையிடம்.

படிவம் நிரப்ப டாக்டர் பணம் வாங்குவது சட்டப்படி சரியா?

சரிதான். எஃப்.எம்.எல்.ஏ. சட்டத்தில் டாக்டர் ஆபீஸ் இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று எங்கும் இல்லை. இவ்வளவுதான் வாங்கலாம் என்ற உச்சவரம்பும் இல்லை. மருத்துவச் சான்று, அதாவது டாக்டர் நிரப்பித் தரும் இந்தப் படிவம், வாங்கும் செலவு ஊழியருடையது என்று அமெரிக்கத் தொழிலாளர் துறையே தன் விளக்கக் குறிப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

பெரும்பாலான ஆபீஸ்களில் இது திடீரென்று முளைத்த கட்டணமும் அல்ல. முதல் நாள் போனபோது ஒரு கட்டுக் காகிதத்தில், இப்போதெல்லாம் டேப்லெட்டில், படிக்காமல் கையெழுத்துப் போட்டோமே, அதில் "நிதிக் கொள்கை" என்று ஒன்று இருந்திருக்கும். வராமல் போன அப்பாயின்ட்மென்டுக்கு இவ்வளவு, திரும்பி வந்த செக்குக்கு இவ்வளவு என்ற வரிசையில் ஃபார்ம் ஃபீயும் இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் இருக்கும் தொகைக்கு மேல் கேட்டால் தாராளமாகச் சண்டை போடலாம். அதில் ஃபார்ம் ஃபீ பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றால் ஆபீஸ் மேனேஜரிடம் பேச அதுவே நல்ல பிடி.

சான்று கேட்பது கம்பெனி. அப்படியிருக்க நான் ஏன் கட்ட வேண்டும்?

நியாயமான கேள்வி. சட்டம் எழுதியவர்கள் முதல் சான்றின் செலவை ஊழியர் தலையில் வைத்தார்கள், அதன்மேல் கம்பெனிக்குச் சந்தேகம் வந்தால் ஆகும் செலவைக் கம்பெனி தலையில் வைத்தார்கள். அந்த இரண்டாவது பாதியைக் கீழே தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலருக்கு அது தெரிவதே இல்லை.

இன்னொன்றும் உண்டு. சான்று கேட்கும் உரிமை கம்பெனிக்கு இருக்கிறதே தவிர, கேட்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சர்ஜரி தேதி போட்ட ஆஸ்பத்திரிக் கடிதத்தையே போதுமென்று ஏற்றுக்கொள்ளும் எச்.ஆர்.களும் உண்டு. அதனால் பணம் கட்டும் முன் "இது போதுமா?" என்று ஒரு மெயில் போடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. கட்டணத்தைத் திருப்பித் தரும் வழக்கம் உண்டா என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடலாம். யூனியன் ஒப்பந்தம் உள்ள இடமென்றால் ஒப்பந்தத்தையும் பாருங்கள்.

இன்சூரன்ஸ் ஏன் இதைக் கொடுப்பதில்லை?

இன்சூரன்ஸ் கொடுப்பது சிகிச்சைக்கு. இது சிகிச்சை அல்ல, உங்கள் வேலைக்கான எழுத்து வேலை. படிவம், சிறப்பு அறிக்கை போன்றவற்றுக்கென 99080 என்று ஒரு பில்லிங் குறியீடே இருக்கிறது. ஆனால் பெரும்பாலான இன்சூரன்ஸ் கம்பெனிகள் அதற்குத் தனியாகப் பணம் தருவதில்லை. அதனால்தான் ஆபீஸ் நேராக உங்களிடம் வருகிறது. கோ-பே, டிடக்டிபிள் எதிலும் இந்தத் தொகை சேராது.

டாக்டர் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். படிவத்தை நிரப்ப யாராவது உங்கள் ஃபைலைத் திறந்து, தேதிகளைத் தேடி, எத்தனை வாரம் ஓய்வு என்று டாக்டரைக் கேட்டு, எழுதி, கையெழுத்து வாங்கி, ஃபேக்ஸ் பண்ண வேண்டும். ஆமாம், இன்னும் ஃபேக்ஸ்தான். ஒரு எலும்பு சிகிச்சை கிளினிக்கில் வாரத்துக்கு இப்படி எத்தனை வரும் என்று யோசித்தால், ஒரு சிறிய கட்டணத்தை அநியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அநியாயம் எங்கே தொடங்குகிறது என்றால், பக்கத்துக்கு இவ்வளவு என்று எண்ணுவதில், தங்கள் ஆள் விட்ட தவறைத் திருத்த மறுபடி காசு கேட்பதில், "அவசரம் என்றால் இரட்டிப்பு" என்று சொல்வதில்.

எவ்வளவு வாங்குகிறார்கள்?

20 முதல் 50 டாலர் என்பது சாதாரணமாகக் காதில் விழும் தொகை. இலவசமாகச் செய்து கொடுக்கும் ஆபீஸ்களும் உண்டு, அதற்கு மேலே போகிறவர்களும் உண்டு. அமெரிக்க மருத்துவ சங்கத்தின் பழைய நெறிமுறைக் கருத்து ஒன்று, எளிய காப்பீட்டுப் படிவத்தை டாக்டர் கட்டணமில்லாமல் நிரப்பித் தர வேண்டும், சிக்கலான அல்லது பல படிவங்களுக்கு ஊர் வழக்கப்படி வாங்கலாம் என்றது. அது நெறிமுறைதான், சட்டம் அல்ல. ஆனால் பேரம் பேசும்போது நினைவில் இருப்பது நல்லது.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. மருத்துவப் பதிவேட்டின் நகலுக்கு டாக்டர்கள் நியாயமான செலவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று ஹிப்பா (நோயாளியின் மருத்துவத் தகவலைப் பாதுகாக்கும் மத்தியச் சட்டம்) விதி இருப்பது உண்மை. மின்னணு நகலுக்கு ஒரே தொகையாக 6.50 டாலர் வாங்கிக்கொள்ளும் வழியும் அதில் உண்டு. அதைக் காட்டி ஃபார்ம் ஃபீயை மறுக்கப் பார்க்கிறார்கள் சிலர். அது எடுபடாது. நகல் எடுப்பது வேறு, புதிதாகப் படிவம் எழுதித் தருவது வேறு.

ஒரே ஆபரேஷனுக்கு மூன்று படிவம் வந்திருக்கிறது. மூன்றுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டுமா?

பணம் உண்மையில் கரைவது இங்கேதான். எஃப்.எம்.எல்.ஏ. வேலையைப் பாதுகாக்கிறது, அவ்வளவுதான். சம்பளத்தில் ஒரு பகுதி வேண்டுமென்றால் கம்பெனியின் குறுகிய கால ஊனக் காப்பீட்டுக்கு, அதாவது ஷார்ட்-டெர்ம் டிசபிலிட்டிக்கு, தனிப் படிவம். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூ யார்க், வாஷிங்டன், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் மாநிலச் சட்டப்படி கிடைக்கும் சம்பளத்துடன் கூடிய விடுப்புக்கு இன்னொரு படிவம். மூன்றும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கின்றன: எப்போது முதல் முடியவில்லை, எப்போது திரும்பலாம், என்ன வேலை செய்யக் கூடாது.

மூன்றையும் வந்த வேகத்தில் ஒவ்வொன்றாக அனுப்பாதீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு, ஒரே கட்டாக, ஒரே கோரிக்கையாகக் கொடுங்கள். பல ஆபீஸ்களில் கட்டணம் "ஒரு கோரிக்கைக்கு" என்றுதான் இருக்கும், அல்லது இரண்டாவது படிவத்துக்குக் குறைத்துக்கொள்வார்கள். லீவையும் டிசபிலிட்டியையும் ஒரே வெளிக் கம்பெனி நிர்வகித்தால் அவர்களைக் கூப்பிட்டு, ஒரே மருத்துவ அறிக்கையை இரண்டுக்கும் எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். எடுத்துக்கொள்பவர்கள் உண்டு, ஆனால் கேட்காமல் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு விஷயம்: தொழிலாளர் துறையின் மாதிரிப் படிவங்கள் இரண்டு. உங்கள் உடம்புக்கு என்றால் டபிள்யூ.எச்.-380-இ, குடும்பத்தாருக்கு என்றால் டபிள்யூ.எச்.-380-எஃப். கம்பெனி சொந்தப் படிவம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் விதி அனுமதிப்பதற்கு மேல் தகவல் கேட்கக் கூடாது. பத்துப் பக்கப் படிவம் வந்தால் சந்தேகப்படுங்கள்.

படிவத்துக்காகவே ஓர் அப்பாயின்ட்மென்ட் எடுக்கச் சொல்கிறார்கள். போக வேண்டுமா?

பல மாதமாக டாக்டரைப் பார்க்கவில்லை என்றால் அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பார்க்காமல் எப்படி எழுதுவார்? போன வாரம்தான் பார்த்தீர்கள் என்றால், அந்த விசிட்டின் குறிப்பை வைத்தே நிரப்பும்படி போர்ட்டலில், அதாவது டாக்டர் ஆபீஸ் நோயாளிகளுக்கு வைத்திருக்கும் இணையதளத்தில், எழுதிக் கேளுங்கள். அப்புறம் ஒரு சின்ன தந்திரம். லீவ் தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்தால், எப்படியும் போகப்போகும் விசிட்டுக்குப் படிவத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் எதிரில் இருக்கும்போதே எழுதி வாங்கினால் பல இடங்களில் தனிக் கட்டணமே வராது. கட்டணம் எல்லாம் பெரும்பாலும் ரிசப்ஷனில் போட்டுவிட்டு வரும் காகிதங்களுக்குத்தான்.

கம்பெனி 15 நாள் கெடு கொடுத்திருக்கிறது, டாக்டர் ஆபீஸ் மூன்று வாரம் ஆகும் என்கிறது. என்ன செய்வது?

சான்றைத் திருப்பித் தர கம்பெனி குறைந்தது 15 நாட்காட்டி நாள் தர வேண்டும். வேலை நாள் அல்ல, சனி ஞாயிறும் சேர்த்து. ஆனால் விதியில் ஒரு வாசல் இருக்கிறது: நீங்கள் உண்மையாக முயன்றும் அந்த நாட்களுக்குள் முடியவில்லை என்றால் கூடுதல் நேரம் தர வேண்டும்.

"உண்மையாக முயன்றேன்" என்பதை எழுத்தில் காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. படிவத்தை டாக்டர் ஆபீசுக்கு என்று கொடுத்தீர்கள், கட்டணம் என்று கட்டினீர்கள், எத்தனை நாள் ஆகும் என்று அவர்கள் சொன்னார்கள் என்று மூன்று வரியில், கெடு முடிவதற்கு முன்னால், எச்.ஆருக்கு மெயில் போடுங்கள். போர்ட்டலில் வந்த பதிலின் ஸ்க்ரீன்ஷாட்டையும் சேர்த்துவிடுங்கள். போனில் சொன்னது எதுவும் பின்னால் நிற்காது. கட்டணம் கட்டாததால் படிவம் மேஜையிலேயே கிடந்தது என்பது மட்டும் நல்ல காரணமாக எடுபடாது. 35 டாலருக்காக லீவ் பாதுகாப்பை இழப்பது புத்திசாலித்தனம் அல்ல. முதலில் கட்டிவிட்டு அப்புறம் வாதாடுங்கள்.

படிவம் "போதுமானதாக இல்லை" என்று திரும்பி வந்துவிட்டது. திருத்த மறுபடியும் பணம் கேட்கிறார்கள்!

படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் "முழுமையற்றது". நிரப்பியிருந்தும் பதில் மழுப்பலாக இருந்தால் "போதாதது". இரண்டிலும் என்ன குறை என்று கம்பெனி எழுத்தில் சொல்ல வேண்டும், சரிசெய்ய 7 நாட்காட்டி நாள் தர வேண்டும். "ஏற்க முடியாது" என்ற ஒற்றை வரி போதாது.

திரும்பி வரும் படிவங்களைப் பார்த்தால் பெரும்பாலும் கோளாறு ஒரே இடத்தில் இருக்கும். விட்டு விட்டு எடுக்கும் லீவுக்கான கேள்வி அது: அடுத்த 6 மாதத்தில் இந்த நோய் எத்தனை தடவை முடக்கிப்போடும், நாளுக்கா வாரத்துக்கா மாதத்துக்கா, ஒவ்வொரு தடவையும் எத்தனை மணி அல்லது எத்தனை நாள் நீடிக்கும்? ஒற்றைத் தலைவலி எப்போது வரும் என்று எந்த டாக்டருக்குத் தெரியும்? அதனால் "தேவைப்படும்போது" என்றோ "தெரியாது" என்றோ எழுதிவிடுகிறார்கள். "ஆயுள் முழுக்க", "தெரியாது" போன்ற சொற்கள் போதாமல் போகலாம் என்று படிவத்திலேயே டாக்டருக்குக் குறிப்பு இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. அங்கே வேண்டியது துல்லியம் அல்ல, ஒரு மதிப்பீடு: "மாதம் 3 முறை வரை, ஒவ்வொரு முறையும் 1 முதல் 2 நாள்" என்றால் போதும்.

இதைத் தவிர்க்க, படிவத்தோடு ஒரு தனித்தாள் வையுங்கள். கடந்த சில மாதத்தில் எந்தெந்தத் தேதிகளில் வேலைக்குப் போக முடியவில்லை, எத்தனை நாள், உங்கள் வேலை என்ன, எதைச் செய்ய முடியவில்லை. அரைப் பக்கம் போதும். படிவத்தை நிரப்புவது பெரும்பாலும் டாக்டர் அல்ல, அவருடைய மெடிக்கல் அசிஸ்டென்ட். அவர் கையில் இந்தத் தாள் இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை, டாக்டர் பார்த்துச் சரி என்றால் கையெழுத்துப் போடுவார். எண்ணைக் குறைத்துப் போடச் சொல்லாதீர்கள். மாதம் 1 என்று எழுதி, 3 முறை லீவ் எடுத்தால் கம்பெனி மறுசான்று கேட்கும், அதற்கு இன்னொரு கட்டணம்.

திருத்தக் கட்டணத்துக்கு வருவோம். காலிக் கட்டம் அவர்கள் விட்டது என்றால் கட்டணம் கட்ட மறுத்து ஆபீஸ் மேனேஜரிடம் போங்கள். "நான் கட்டியது முழுமையான படிவத்துக்கு" என்ற ஒரு வரி பெரும்பாலும் வேலை செய்யும். டாக்டரின் கையெழுத்துப் புரியவில்லை என்பது மாதிரியான சின்ன விளக்கம்தான் தேவை என்றால், உங்கள் அனுமதியோடு எச்.ஆரே டாக்டர் ஆபீசைக் கூப்பிட்டுக் கேட்கலாம். ஆனால் உங்கள் நேரடி மேனேஜர் டாக்டருக்குப் போன் பண்ணக் கூடாது. எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

கம்பெனி என் டாக்டரை நம்பவில்லை. வேறு டாக்டரிடம் போகச் சொல்கிறது. அந்தச் செலவு?

முழுக்கக் கம்பெனியுடையது. இரண்டாவது கருத்துக்கான டாக்டரை அவர்கள் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அவர் கம்பெனி வழக்கமாக வேலைக்கு வைத்திருப்பவராக இருக்கக் கூடாது. போய்வரும் நியாயமான செலவையும் அவர்கள்தான் தர வேண்டும். இரண்டு டாக்டரும் வேறு வேறாகச் சொன்னால் மூன்றாவது டாக்டரை இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் சொல்வதே முடிவு, அந்தச் செலவும் கம்பெனிக்கே. இது முடியும் வரை உங்கள் லீவ் பாதுகாப்பு தற்காலிகமாகத் தொடரும்.

நாள்பட்ட நோய். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப் படிவம் கேட்கிறார்கள். கேட்கலாமா?

கேட்கலாம். நீங்கள் லீவ் எடுத்ததை ஒட்டி ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுசான்று கேட்க விதி இடம் தருகிறது. புது லீவ் ஆண்டு தொடங்கினால் புதுச் சான்றும் கேட்கலாம். இவற்றின் செலவும் உங்களுடையதுதான். ஆனால் மறுசான்றின் மேல் இரண்டாவது கருத்து கேட்கும் உரிமை கம்பெனிக்கு இல்லை. வழக்கமான செக்கப் தேதியை இந்தக் கெடுவோடு ஒட்டி வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஒரு கட்டணமாவது மிஞ்சும்.

குழந்தை பிறந்திருக்கிறது. அப்பாவும் லீவ் எடுக்கிறார். அவருக்கும் டாக்டர் படிவம் வேண்டுமா?

வேண்டாம்! பிறந்த குழந்தையோடு இருப்பதற்கான லீவுக்கு மருத்துவச் சான்று கேட்கவே கூடாது. தத்தெடுத்த குழந்தைக்கும் அப்படியே. உறவைக் காட்ட ஒரு சாதாரண ஆவணம் கேட்கலாம், அவ்வளவுதான். அம்மாவின் பிரசவ ஓய்வுக்குச் சான்று கேட்கலாம், சிசேரியனுக்குப் பின் மனைவியைக் கவனிக்கவென்று கணவர் லீவ் எடுத்தால் அதற்கும் கேட்கலாம். அப்பா வெறுமனே குழந்தைக்காக என்று எடுத்தால் அந்தக் காகிதமும் கட்டணமும் மிச்சம். எச்.ஆர். தெரியாமல் எல்லோருக்கும் ஒரே படிவத்தை அனுப்புவது சகஜம்.

அம்மா மதுரையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அங்குள்ள டாக்டர் படிவம் நிரப்பினால் இங்கே செல்லுமா?

செல்லும். நோயாளி வேறு நாட்டில் வசித்தாலோ அங்கே போயிருந்தாலோ, அந்த நாட்டில் தொழில் செய்யும் டாக்டரின் சான்றைக் கம்பெனி ஏற்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. சான்று வேறு மொழியில் இருந்தால், கேட்கும்போது எழுத்தில் மொழிபெயர்ப்பு தர வேண்டும். நம் ஊர் டாக்டர்கள் ஆங்கிலத்திலேயே எழுதுவதால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

வேறு சிக்கல் வரும். அங்கே டாக்டர்கள் எழுதிப் பழகியது டிஸ்சார்ஜ் சம்மரியும், "இவருக்கு இத்தனை நாள் ஓய்வு தேவை" என்ற இரண்டு வரி மெடிக்கல் சர்டிஃபிகேட்டும். நான்கு பக்க அமெரிக்கப் படிவத்தை நீட்டினால் "டிஸ்சார்ஜ் சம்மரி போதாதாப்பா?" என்பார்கள். போதாது. அப்பாவையோ தம்பியையோ அனுப்பி, ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு, டாக்டர் கொஞ்சம் ஓய்வாக இருக்கும் நேரத்தில், உட்கார்ந்து நிரப்ப வைக்க வேண்டும். எந்தெந்தக் கட்டம் டாக்டருடையது என்று பென்சிலால் குறித்து அனுப்புங்கள். போன் எண்ணுக்கு முன்னால் +91 போடச் சொல்லுங்கள், டாக்டர் ரெஜிஸ்ட்ரேஷன் எண்ணோடு முத்திரையும் வைத்தால் நல்லது. இங்கே உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு அந்த ஆஸ்பத்திரி எது என்றே தெரியாது.

நீங்கள் நிரப்ப வேண்டிய பகுதியில் என்ன பராமரிப்பு செய்வீர்கள் என்று கேட்கும். சாப்பாடு கொடுப்பது, டாக்டரிடம் கூட்டிப்போவது மட்டுமல்ல, பக்கத்தில் இருந்து தைரியம் சொல்வதும் சட்டப்படி பராமரிப்புதான். அதையும் எழுதுங்கள்.

மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றால்?

மத்தியச் சட்டத்தில் மாமனார் மாமியார் வரமாட்டார்கள். உங்கள் மனைவி அல்லது கணவர் தன் அம்மாவுக்காக எடுக்கலாம், நீங்கள் எடுக்க முடியாது. நம் வீடுகளில் யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. கலிஃபோர்னியாவின் மாநிலச் சட்டத்தில் 2022 முதல் மாமனார் மாமியாரும் உண்டு, அதுவும் 5 ஊழியர் இருக்கும் கம்பெனியிலேயே. நியூ யார்க், நியூ ஜெர்சி குடும்ப விடுப்புகளிலும் அவர்கள் சேர்த்தி. டாக்டருக்குப் பணம் கட்டிப் படிவம் வாங்கும் முன் எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறீர்கள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

வேலைக்குத் திரும்பும்போது "உடல் தகுதி" சான்று கேட்கிறார்கள். அதற்கும் என் காசா?

ஆமாம். ஆனால் அது, அதே நிலையில் உள்ள எல்லா ஊழியர்களிடமும் ஒரே மாதிரிக் கேட்பதாகவும், லீவை அங்கீகரித்த அறிவிப்பிலேயே சொன்னதாகவும் இருக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் கிளப்பினால் அந்த அறிவிப்பை எடுத்துக் காட்டுங்கள்.

பழைய பில் பாக்கி இருப்பதால் படிவம் தர மாட்டோம் என்கிறார்கள்.

படிவம் நிரப்புவதை அவர்கள் தள்ளிப்போட முடியும். ஆனால் பாக்கியைக் காரணம் காட்டி உங்கள் மருத்துவப் பதிவேட்டைத் தராமல் இருக்க முடியாது, ஹிப்பா அதைத் தடுக்கிறது. பதிவேட்டை வாங்கிக்கொண்டு உங்களைப் பார்க்கும் வேறொருவரிடம் போங்கள். எஃப்.எம்.எல்.ஏ. சான்றை சர்ஜன்தான் தர வேண்டும் என்றில்லை. குடும்ப டாக்டர், நர்ஸ் பிராக்டிஷனர், பிஸிஷியன் அசிஸ்டென்ட், மருத்துவ உளவியலாளர், கிளினிக்கல் சோஷியல் வொர்க்கர் எல்லோரும் விதிப்படி சான்று தரக்கூடியவர்கள். சர்ஜன் ஆபீசில் கட்டணமும் காத்திருப்பும் அதிகம் என்றாலும் இதே வழிதான்: ஆபரேஷன் குறிப்பைப் பார்த்துக் குடும்ப டாக்டரே நிரப்பித் தரலாம்.

கட்டணமே வாங்கக் கூடாத இடங்கள் உண்டா?

சில உண்டு, ஆனால் எஃப்.எம்.எல்.ஏ.வுக்கு அல்ல. கலிஃபோர்னியாவில் மெடி-கால், எஸ்.எஸ்.ஐ., கால்ஃபிரெஷ் போன்ற அரசு உதவித் திட்டங்களுக்குத் தகுதி காட்டும் படிவங்களுக்கு டாக்டர் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நியூ யார்க்கில் மாநில நோய் விடுப்புக்கு டாக்டர் சான்று கேட்கும் கம்பெனி அதன் செலவை ஊழியர் மேல் போடக் கூடாது. ஒரிகனிலும் நோய் விடுப்புச் சான்றின் நியாயமான செலவு கம்பெனியுடையது. இவை இரண்டும் சம்பளத்துடன் எடுக்கும் சில நாள் நோய் விடுப்பைப் பற்றியவை. நான்கு நாள் காய்ச்சலுக்கு எஃப்.எம்.எல்.ஏ. படிவம் நிரப்பிக் காசு கட்டுவதற்குப் பதில் மாநில நோய் விடுப்பில் எடுத்தால் செலவு மிச்சமாகுமா என்று பாருங்கள்.

மெடிகெய்டில், அதாவது குறைந்த வருமானத்தாருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில், இருப்பவர்கள் கட்டும் முன் தங்கள் திட்டத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மெடிகெய்ட் தருவதையே முழுக் கட்டணமாக ஏற்க வேண்டும் என்று டாக்டர்களுக்கு மத்திய விதி இருக்கிறது. அது படிவங்களுக்கும் பொருந்துமா என்பது மாநிலத்தைப் பொறுத்தது.

என்ன நோய் என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டுமா?

மத்திய விதிப்படி நோயின் பெயரை டாக்டர் எழுதலாம், எழுதியே ஆக வேண்டும் என்றில்லை. ஏன் வேலை செய்ய முடியாது என்பதற்குப் போதுமான மருத்துவ விவரம் இருந்தால் சரி. கலிஃபோர்னியாவின் மாநில விடுப்புக்குக் கம்பெனி நோயின் பெயரைக் கேட்கவே கூடாது. உங்கள் படிவம் சாதாரணப் பணியாளர் ஃபைலில் இருக்கக் கூடாது, தனியாக, ரகசியமாக வைக்கப்பட வேண்டும்.

எச்-1பி-யில் இருக்கிறேன். சம்பளமில்லாத லீவ் விசாவைப் பாதிக்குமா?

எஃப்.எம்.எல்.ஏ. விசாவைப் பார்ப்பதில்லை, மேலே சொன்ன மூன்று கணக்குதான். நீங்களே கேட்டு எடுக்கும் பிரசவ, பராமரிப்பு லீவுக்குச் சம்பளம் தராமல் இருப்பதை எச்-1பி விதி அனுமதிக்கிறது. கம்பெனியே வேலை கொடுக்காமல் பெஞ்சில் உட்கார வைத்துச் சம்பளம் தராமல் இருப்பதுதான் தவறு. அதனால் லீவை அங்கீகரித்த கடிதத்தையும் நிரப்பிய படிவத்தின் நகலையும் பத்திரமாக வையுங்கள். பின்னால் பே ஸ்டப்பில் (சம்பளச் சீட்டில்) ஓர் இடைவெளி ஏன் என்று கேள்வி வந்தால் இவைதான் பதில் சொல்லும்.

கட்டணத்தைக் குறைக்கச் சொல்லலாமா? யாரிடம் புகார் செய்வது?

சொல்லலாம். ரிசப்ஷனில் இருப்பவருக்குக் குறைக்கும் அதிகாரம் இருக்காது, ஆபீஸ் மேனேஜருக்கு இருக்கும். சம்பளமில்லாத லீவில் போகிறேன், கஷ்டம் என்று போர்ட்டலில் எழுதினால் தள்ளுபடி செய்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி அமைப்பு என்றால் நோயாளி உறவு அலுவலகம் என்று ஒன்று இருக்கும், அங்கேயும் கேட்கலாம்.

டாக்டரின் கட்டணம் பற்றித் தொழிலாளர் துறையிடம் புகார் செய்து பயனில்லை, அது அவர்கள் எல்லைக்குள் வராது. கம்பெனி கெடு நாட்களைத் தராவிட்டாலோ, இரண்டாவது கருத்துக்கு உங்களிடம் பணம் கேட்டாலோ, லீவ் கேட்டதற்காகப் பழிவாங்கினாலோ அங்கே போகலாம். அதற்கான பிரிவு ஊதிய, வேலை நேரப் பிரிவு. எண் 1-866-487-9243. ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள்.